68 வயது அப்பாவை மச்சு பிச்சுவுக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் அப்பா பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 68. கால்வாய், மதகு, ஏரிக்கரை என்றே வாழ்ந்தவர். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் மலை முகட்டில் இருக்கும் மச்சு பிச்சுவுக்கு இன்கா மக்கள் தண்ணீர் கொண்டுவந்த விதத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். இடது முழங்காலில் தேய்மானம். லிமாவில் இறங்கிய அன்றே குஸ்கோவுக்கு விமானம், மறுநாள் வானவில் மலை, மூன்றாம் நாள் மச்சு பிச்சு என்று திட்டமிட்டிருக்கிறேன். இந்த வயதில் இது விஷப்பரீட்சை என்கிறார் அண்ணன். அப்பாவை அழைத்துச் செல்லலாமா? ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோக வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அழைத்துச் செல்லலாம்; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தின்படி வேண்டாம். அந்த வரிசையில் போனால் உங்கள் வயதுக்காரருக்கே இரண்டாம் நாள் தலைவலியும் வாந்தியும் வர வாய்ப்பிருக்கிறது. வரிசையை மாற்றி, நாட்களைக் கூட்டி, புறப்படுவதற்கு முன் சில பரிசோதனைகளையும் முடித்துக்கொண்டால், உங்கள் தந்தையார் பார்க்க விரும்புவதில் பெரும்பகுதியை நிம்மதியாகப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். உங்கள் அண்ணனின் அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அவர் வயதைக் காரணமாகச் சொல்கிறார். நான் உயரத்தையும் வேகத்தையும் காரணமாகச் சொல்வேன். மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர மலை நோய் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும் என்பது பரவலான நம்பிக்கை என்றாலும், ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எவ்வளவு விரைவாக ஏறுகிறோம், முதல் இரவுகளில் எந்த உயரத்தில் உறங்குகிறோம், முன்பு இந்த நோய் வந்திருக்கிறதா என்பவையே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. வயதோடு சேர்ந்து வரும் இதய நோய், நுரையீரல் நோய், இரத்தசோகை ஆகியவற்றைத்தான் தனியே கவனிக்க வேண்டும்.

முதலில் உயரங்களைப் பார்ப்போம். பயண முகவர்கள் மச்சு பிச்சுவின் பெயரைச் சொல்லியே பயணத்தை விற்பதால், அதுதான் மிக உயரமான இடம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; அதாவது ஊட்டி நகரத்துக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரம். சிக்கல் அங்கே போகும் வழியில் இருக்கிறது. இன்காக்களின் தலைநகரான குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கடற்கரை நகரமான லிமாவிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். உடல் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கச் சில நாட்கள் கேட்கும். உங்கள் திட்டமோ அதற்கு ஓர் இரவை மட்டுமே கொடுத்துவிட்டு, மறுநாளே 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட வானவில் மலைக்கு அவரை ஏற்றுகிறது. வானவில் மலையைத் திட்டத்திலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள். அது இன்கா இடிபாடும் இல்லை. உங்கள் தந்தையார் கேட்டதும் அதுவல்ல.

நான் சொல்லும் வரிசை இது. லிமாவில் இரண்டு இரவுகள் தங்குங்கள். திருச்சியிலிருந்து லிமா வரையிலான பயணம் இடைநிறுத்தங்களோடு ஒரு நாளுக்கு மேல் ஆகும். நேர வேறுபாடு பத்தரை மணி. அந்தக் களைப்போடு மலையேறுவது நல்லதல்ல. லிமாவில் வெறுமனே அறையில் படுத்திருக்கவும் தேவையில்லை. நகருக்குத் தெற்கே, கடலை ஒட்டி, பச்சகாமாக் என்ற பெரிய தொல்லியல் தளம் இருக்கிறது. இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே புனிதத் தலமாக விளங்கிய அவ்விடத்தை அவர்கள் வென்ற பிறகு, அங்கேயே தங்கள் சூரியக் கோவிலை எழுப்பினார்கள். மூச்சுத் திணறலுக்கு இடமே இல்லாத கடல் மட்டத்தில், உங்கள் தந்தையாருக்கு இன்கா கட்டுமானத்தின் முதல் அறிமுகம் அங்கே கிடைக்கும்.

அதன் பிறகு குஸ்கோவுக்குப் பறந்து செல்லுங்கள். ஆனால் அந்த நகரில் தங்காமல், விமான நிலையத்திலிருந்து நேராக வாடகைக் காரில் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். புனிதப் பள்ளத்தாக்கு என்று அதை அழைக்கிறார்கள். வழியில் சிஞ்செரோ என்ற ஊரருகே சாலை 3,700 மீட்டரைத் தாண்டும்; காரில் உட்கார்ந்தபடி கடந்துபோவதால் பெரிய பாதிப்பு இருக்காது, உறங்கும் உயரமே முக்கியம். ஒல்லந்தைதம்போ என்ற சிற்றூர் ஏறத்தாழ 2,800 மீட்டரில் இருக்கிறது. அங்கே மூன்று இரவுகள் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்பு ரயிலில் மச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியந்தேஸுக்கு இறங்கி, அங்கே இரண்டு இரவுகள். அது ஏறத்தாழ 2,040 மீட்டர்தான். உடலுக்கு மிகவும் இளைப்பாறுதல் தரும் இடம். குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உடல் ஓரளவு பழகியிருக்கும். பழகாமல் அவதிப்பட்டாலும் அடுத்த விமானத்தில் லிமாவுக்கு இறங்கிவிடலாம். முகவர்கள் பெரும்பாலும் குஸ்கோவை முதலில் வைக்கிறார்கள், ஏனென்றால் விமானம் இறங்கும் இடம் அது. அவர்கள் கொடுக்கும் அச்சடித்த அட்டவணைக்காக உங்கள் தந்தையாரின் உடலை வளைக்க வேண்டாம்.

ஒல்லந்தைதம்போவில் மூன்று இரவுகள் என்று நான் சொல்வது உடலுக்காக மட்டும் அல்ல. நீர்ப்பாசனத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு மச்சு பிச்சுவுக்கு நிகராக அந்த ஊர் பேசும் என்று நம்புகிறேன். இன்காக்கள் வகுத்த தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கல் வாய்க்கால்களில் மலைத் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. கோவில் குன்றின் அடிவாரத்தில், ஒரே பாறையில் செதுக்கிய நீரூற்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. குன்றின் மேலே, ஆறு இளஞ்சிவப்பு நிறப் பாறைகள் ஒரே வரிசையில் நிற்கும் முற்றுப்பெறாத கோவில் இருக்கிறது. அந்தப் பாறைகளை ஆற்றுக்கு அப்பால் எதிர்மலையில் இருக்கும் சுரங்கத்திலிருந்து, சக்கரமும் இரும்பும் இல்லாமல், பள்ளத்தாக்கில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலேற்றினார்கள். அங்கே செல்ல ஏறத்தாழ 200 படிகள் ஏற வேண்டும். அவர் ஏற விரும்பினால் மூன்றாம் நாள் காலையில், அடுக்குக்கு அடுக்கு நின்று ஏறட்டும். வேண்டாம் என்றால் கீழிருந்தே எதிர்மலையையும் கோவிலையும் மாறி மாறிப் பார்த்து அந்த வேலையின் பரிமாணத்தை அவரால் கணக்கிட முடியும். குஸ்கோவில் தங்கும்போது ஒரு நாளைத் திப்போன் என்ற இடத்துக்கு ஒதுக்குங்கள். வெகு சிலரே போகும் இடம் அது. ஊற்றுநீரைக் கல் வாய்க்கால்களில் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்து, அகன்ற படிநிலங்களுக்குப் பாய்ச்சும் அமைப்பு அங்கே இன்னும் இயங்குகிறது. இந்த உயரத்தைக் கடைசி நாட்களில்தான் தொட வேண்டும் என்பதற்காகவே அதைப் பின்னால் வைக்கச் சொல்கிறேன்.

மச்சு பிச்சுவைப் பொறுத்தவரை, 15ஆம் நூற்றாண்டில் பச்சகூட்டி என்ற பேரரசரின் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் அந்த நகருக்கு, மலைச்சரிவிலுள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளமுள்ள வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்தது. அது 16 நீரூற்றுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக இறங்குகிறது. முதல் நீரூற்று அரசரின் மாளிகையை ஒட்டி இருக்கிறது. படிநிலங்களின் அடியில் பெருங்கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேல் வளமண் என்று அடுக்கி, கனமழை மண்ணை அரிக்காமல் உள்ளிறங்கி வடியும்படி செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சுவர்களைவிடக் கண்ணுக்குத் தெரியாத இந்த வடிகால்தான் அந்த நகரைச் சரியாமல் காத்து நிற்கிறது என்று பொறியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இவற்றைப் பற்றி விளக்கக்கூடிய வழிகாட்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

அங்கே நுழைவுச்சீட்டில் கடவுச்சீட்டு எண்ணும் நுழையும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்; அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2024 முதல் மூன்று சுற்றுப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பாதைகள் ஒருவழி, திரும்பி நடக்க விடமாட்டார்கள். மேல்தளத்திலிருந்து முழு நகரையும் பார்க்கும் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் ஏற்றம் அதிகம். மூன்றாம் சுற்று தாழ்வான பகுதி வழியே செல்வது, முழங்காலுக்கு ஓரளவு இரக்கம் காட்டுவது. இரண்டு நாட்களுக்கு இரண்டு சீட்டுகள் வாங்குங்கள்: முதல் நாள் மூன்றாம் சுற்று, மறுநாள் கால் ஒத்துழைத்தால் மேல்தளம். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே வேதனை. கைப்பிடியில்லாத கல்படிகள் அவை. நுனியில் ரப்பர் பொருத்திய ஊன்றுகோலை முதியவர்களுக்கு அனுமதிக்கிறார்கள். உள்ளே கழிவறை கிடையாது, வாசலுக்கு வெளியே மட்டும்தான் உண்டு. சர்க்கரை நோயுள்ள 68 வயது ஆணுக்கு இது சிறிய செய்தி அல்ல என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். மழையில் அந்தக் கற்கள் வழுக்கும். மே மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுத்தால் மழையும் குறைவு, ஜூலை அளவுக்கு நெரிசலும் இருக்காது. வைனா பிச்சு சிகரத்தையும் நான்கு நாள் இன்கா நடைபாதையையும் இந்தப் பயணத்தில் நினைக்க வேண்டாம். அந்தப் பாதை 4,200 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைக் கடக்கிறது.

இனி மருத்துவம். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய மருத்துவரைச் சந்தித்து ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகச் செயல்பாடு, விழித்திரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ இருந்தால், இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பயணச்சீட்டை வாங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இதய அடைப்பு வலியில்லாமல் மறைந்திருக்கக்கூடும் என்பதால், டிரெட்மில் சோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

உயரத்தில் முதல் சில நாட்கள் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம். எந்த எண்ணுக்கு மேல் போனால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது கிளிமிபிரைடு பற்றித்தான். உயரத்தில் பசி மந்தமாகும். வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டால், சர்க்கரை அபாயகரமாக இறங்கும். அந்தத் தாழ்சர்க்கரையின் தலைவலி, குமட்டல், சோர்வு, தடுமாற்றம் எல்லாம் மலை நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். ஆகவே அவர் உடம்பு சரியில்லை என்று சொன்னவுடன் முதலில் செய்ய வேண்டியது விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பது. பயண நாட்களுக்கு மருந்தையோ அளவையோ மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரைகள் எல்லாம் மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும். நேர வேறுபாட்டில் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்பாமல், கிளிமிபிரைடு உள்ள மாத்திரையை உணவோடு மட்டும் தொடர்புபடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மெட்ஃபார்மினோடு சேரும்போதும் சிறுநீரகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டெல்மிசார்டனோடு நீர்பெருக்கி மருந்து சேர்ந்த மாத்திரையா என்பதையும் அட்டையில் பாருங்கள். நான் சொன்ன வரிசையில் போனால் பலருக்கு இது தேவைப்படுவதில்லை. தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடட்டும், ஏனென்றால் விரல்கள் மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் அதன் இயல்பு. முதல் இரவுகளில் தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரை இங்கிருந்து தூக்கிச் செல்ல வேண்டாம். பல விமான நிறுவனங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை. குஸ்கோ மருந்துக்கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் குப்பிகள் சில நிமிட நேர ஆறுதலை மட்டுமே தரும். நோய் முற்றியிருந்தால் கீழே இறங்குவதுதான் சிகிச்சை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே ஆரோக்கியமானவர்களுக்கே எண் 90க்குக் கீழே இறங்குவதுண்டு. எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

ஆளைப் பார்ப்பதுதான் இதில் கடினமான வேலை. மகள் இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்திருக்கும்போது, தலைவலிக்கிறது என்று சொல்ல நம் தந்தையர்க்கு மனம் வராது. "எனக்கு ஒன்றுமில்லை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களிடம் நான் மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன் இதைத்தான் பேசுகிறேன். புறப்படுவதற்கு முன்பே அவரோடு அமர்ந்து, அவருடைய உடம்பைப் பற்றி அவரை ஒதுக்கிவிட்டு நீங்களும் அண்ணனும் முடிவெடுக்காமல், மூவருமாக ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்: ஒவ்வொரு காலையும் தலைவலி, பசி, தூக்கம், நடை ஆகிய நான்கையும் அவர் உண்மையாகச் சொல்ல வேண்டும், சரியில்லை என்று சொன்னால் அன்றைய திட்டம் மறுபேச்சின்றி நிறுத்தப்படும், அதற்காக யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பயணத்தில் ஒரு நாளை முழுதாகக் காலியாக விடுங்கள். அப்போதுதான் ஒரு நாள் வீணாகிறதே என்ற கூச்சம் அவரை வாயடைக்காது. லேசான தலைவலி, சோர்வு என்றால் அதே உயரத்தில் ஓய்வு போதும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், இருமல் கூடினால், நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால், பேச்சு குழறினால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கும் கீழ்நோக்கியும் கொண்டுபோக வேண்டும். இதற்காகவே, சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் சொல்லி, அவசர மருத்துவ இடமாற்றத்தையும் உள்ளடக்கிய காப்பீடு எடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு ஆகிய இடங்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு நோய்த்தடுப்பு நோக்கில் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் பெரு நாடு மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லாதவர்களை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். இது உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி. 60 வயதைக் கடந்து முதன்முறையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள், அரிதே என்றாலும், இளையவர்களைவிட அதிகம். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோய் இதற்குத் தடையல்ல. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள், தைமஸ் சுரப்பிக் கோளாறு, முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை ஆகியவை தடைகள். அவரை நேரில் பரிசோதிக்காமல் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதுவது முறையாகாது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் அவரைக் காட்டி, ஊசியா, மருத்துவக் காரணத்துக்கான விலக்குச் சான்றிதழா என்று முடிவு செய்யுங்கள். விலக்குச் சான்றிதழோடு திரும்பினால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டு 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். ஆனாலும், பக்கவிளைவு வருமானால் முதல் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. இந்த விஷயம் முடிவாகும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எந்தச் சீட்டையும் வாங்காதீர்கள்.

கடைசியாக, கோக்கா இலைத் தேநீர். குஸ்கோவில் விடுதி வாசலிலேயே கொடுப்பார்கள். அங்கே அது சட்டபூர்வமானது, ஆண்டிஸ் மலை மக்களின் நெடுநாள் பழக்கம். ஒரு கோப்பை குடிப்பதால் உங்கள் தந்தையாருக்குத் தீங்கு வராது. மலை நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால், அதை நம்பி மற்ற எச்சரிக்கைகளை விட்டுவிடவும் கூடாது. ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பொதிகளையோ நினைவுப் பொருளாக வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோக்கா இலையும் அடங்கும். உறவினர்களுக்கு என்று யாராவது கொடுத்தனுப்பினாலும் மறுத்துவிடுங்கள்.